கொசுறாக ஒரு வரிசை

பிடி என்று சொல்லத்தான் அவள் வலது புருவத்தைத் தூக்கினாள். ஏறியது இடது புருவம்.

மழைக்கு முந்தைய புழுக்கம் கடைக்குள் அடைந்து கிடந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசனை, ரெக்சினின் எண்ணெய் நெடி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றும் மின்விசிறியின் முனகல், இவற்றுக்கு நடுவே தாடி சோபாக்காரர் பச்சை வெல்வெட்டை மேசையெங்கும் விரித்துப்போட்டு, இதைத் தைத்துக் கொடுத்தால் உட்காருகிறவன் வழுக்கி விழுந்து என்மேல் வழக்குப் போடுவான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக அவர் இந்தக் கடையில்தான் துணி எடுக்கிறார். வருடக்கணக்காக ஒவ்வொரு துணியையும் திட்டிவிட்டுத்தான் எடுக்கிறார். திட்டு பலமாக இருந்தால் துணி பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தத் திரைச்சீலைக் கடையில் வாய் அவள் புருஷனுடையது, விலை அவளுடையது. அவன் முன்னால் நின்று பேசுவான், சிரிப்பான், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பான். அவள் பின்னால் அளவு மேசையோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வந்தவரின் கையைப் பார்ப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். பேரத்துக்கு வருகிறவர்கள் முகத்தை வீட்டிலேயே தயார்செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். கட்டைவிரலைத் தயார்செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. வேண்டாம் என்று வாசல்வரை போகிறவரின் கட்டைவிரல் போகிற போக்கில் துணியின் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டால், அவர் வாங்காமல் போகமாட்டார். அவள் வலது புருவம் ஏறும்: பிடி, இறங்காதே. இடது ஏறினால்: விடு, கேட்ட விலைக்குக் கொடு. இரண்டும் ஏறினால்: இவர் பொழுதுபோக்க வந்தவர், துணியை மடி. தூணில் பதித்த நீளக் கண்ணாடியில் புருஷன் அவளைப் பார்த்துக்கொள்வான். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட பாஷை அது. இன்றுவரை எந்த வாடிக்கையாளருக்கும் பிடிபட்டதில்லை.

சோபாக்காரரின் கட்டைவிரல் வெல்வெட்டைவிட்டு நகரவேயில்லை. பிடித்திருக்க வேண்டும். ஆனால் புருஷன் கண்ணாடியைப் பார்த்தான், கைகூப்பினான், "சரி, உங்களுக்காக" என்று விட்டுவிட்டான். சோபாக்காரரே ஒரு கணம் திகைத்துப்போய், திட்டுவதற்கு மிச்சம் வைத்திருந்ததை விழுங்கிவிட்டு, சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

"ஏங்க, நான் பிடின்னுதானே சொன்னேன்?"

"இடது பக்கம் ஏறிச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"நான் ஏத்தலைங்க."

"பின்னே பக்கத்து வீட்டுக்காரியா வந்து ஏத்தினா?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது புருவத்தின்மேல் விரலை வைத்தாள். ஃபிரிட்ஜின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு மெல்லிய அதிர்வு. விரலை எடுத்துவிட்டாள்.

போன வருடம்தான் புருவங்கள் தொங்க ஆரம்பித்தன. இமையின்மேல் ஈரத்துணி போட்டதுபோல் வந்து உட்கார்ந்துகொண்டன. வருகிறவர்களெல்லாம், என்னம்மா, உடம்பு சரியில்லையா என்றார்கள். கண்ணாடியில் பார்க்கும் புருஷனுக்கு எது ஏறியது, எது ஏறவில்லை என்று புரியவில்லை. விடுதிக்காரர் ஒருவர் கட்டிடம் முழுவதற்கும் திரை போட வந்தார். அவள் விடு என்றாள். அவன் பிடித்தான். அவர் எதிர்க் கடைக்குப் போய், அங்கிருந்தபடியே இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்று புருஷன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "பேசாம நீ கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடேன்" என்றான். "தங்கச்சி வந்து உட்காரட்டும். அவளுக்கு முகம் பளிச்சுனு இருக்கு."

அந்த ஸ்டூலில்தான் அவள் ஓர் ஆள். வீட்டில் அவள் பேச்சுக்குக் குழம்பில் உப்புப் பார்க்கும் அளவுக்குத்தான் மதிப்பு. கடையில் அவள் புருவத்தை அசைக்காமல் ஒரு முழம் துணி வெளியே போகாது. அவளுடைய 'சரி'யும் அவளுடைய 'வேண்டாம்'மும் செல்லுபடியான ஒரே இடம். அதைவிட்டு எழுந்தால் மறுபடி உட்காரமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வழி சொன்னதும் அதே தங்கச்சிதான். நாத்தனார் ஒரு தோல் கிளினிக்கில் மெஷின் ஓட்டுகிறவள். "கத்தி இல்ல, ஊசி இல்ல, தையல் இல்ல அண்ணி. சத்தம் மட்டும்தான், அதுவும் காதுல விழாது. தோலுக்கு அடியில போய்ச் சூடு காட்டும். உள்ள புதுசா நார் முளைச்சு, தொங்கினதை மெதுவா மேல இழுக்கும்."

"எவ்வளவு மேல?"

"வேணுங்கிற அளவு."

"யாருக்கு வேணுங்கிற அளவு?" என்றாள் அவள். பக்கத்திலிருந்த புருஷனும் சேர, மூவரும் சிரித்தார்கள்.

ரோஜா லோஷனும் பினாயிலும் கலந்து மணக்கும் சின்ன அறை. அசைந்தால் சரசரக்கும் காகித விரிப்பு. தையல்காரர் சாக்குக்கட்டியால் கோடு போடுவதுபோல் நாத்தனார் நெற்றியில் வெள்ளைப் பென்சிலால் வரிசை வரிசையாகக் கோடு போட்டாள், குளிர்ந்த ஜெல்லைத் தடவினாள், சோப்புக்கட்டி அளவிலிருந்த கைப்பிடியை எலும்போடு சேர்த்து அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தோலுக்கு அடியில் தீப்பொறிகள் வரிசையாக ஊர்ந்து போயின. சத்தம் காதில் விழவில்லை. கடைவாய்ப் பற்களில் விழுந்தது.

வேலை முடிந்து நாத்தனார் ஜெல்லைத் துடைக்கத் துணியை எடுத்தபோதுதான், கால்மாட்டில் நின்றிருந்த புருஷன் வாயைத் திறந்தான்.

"அவ்வளவுதானா? வெளியாளுக்குத் துணி கிழிக்கும்போதே ஒரு சாண் சேர்த்துக் கிழிக்கிறோம். நம்ம வீட்டாளுக்கு இன்னொரு வரிசை போடக்கூடாதா?"

"வேற இடம் இல்லண்ணே. புருவத்துக்குக் கீழ, கண்குழி ஓரத்துல போடறதில்ல. எலும்பு மேலதான் போடணும்."

"கொசுறுன்னு நினைச்சுப் போடும்மா. பெருசா மெஷின் தேஞ்சா போயிடும்?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். அப்போதே வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் அவளும் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். சும்மா கிடைப்பதைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. போடு என்று தலையாட்டினாள்.

மற்ற வரிசைகள் எல்லாம் சுட்டன. அந்தக் கொசுறு வரிசை மட்டும் சுடவில்லை. உள்ளே எங்கோ வெற்றிடத்தில் போய் விழுந்ததுபோல் இருந்தது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல அவள் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

பிறகு நாத்தனார் சொன்னபடியே புருவங்கள் மெல்ல மெல்ல ஏறின. கண் திறந்தது. வருகிறவர்கள், என்னம்மா, வெளியூர் போய்ட்டு வந்தீங்களா என்றார்கள். புருஷனுக்கு மறுபடியும் பாஷை புரிந்தது. அவளும் அந்தக் கிணற்றை மறந்துபோனாள், வெல்வெட் நாள்வரைக்கும்.

வெல்வெட் போன மறுவாரம் சோபாக்காரர் திரும்பி வந்தார். முதன்முறையாகத் திட்டாமல் வந்தார். மலிவாக எடுத்த பெருமையை ஊரெல்லாம் அடித்துக்கொண்டதில், சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர் அத்தனை நாற்காலிகளுக்கும் அதே துணியைக் கேட்டுவிட்டாராம். அன்று இடது புருவம் ஏறாமல் இருந்திருந்தால் இந்த வேலை வந்திருக்காது.

புருஷன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "பார்த்தியா, நீ சொன்னது சரியா போச்சு."

"நான் சொல்லலைங்க. அதான் அன்னிக்கே சொன்னேனே."

"சரி. சொன்னது சரியா போச்சு."

அதற்குப் பிறகு புருவங்கள் அவளைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. அவள் கட்டைவிரலைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் இங்கே ஏதாவது ஒன்று ஏறியிருக்கும். முகத்தில் காற்றுப் படும்போதுதான் ஏறியதே அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் புருஷன் அதைப் பார்த்திருப்பான், அதன்படி பேசியிருப்பான். ஒவ்வொரு தடவையும் அது சரியாகவே இருந்தது. அதுதான் சகிக்கவில்லை. பிழையாகப் போயிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவள் பார்க்காத எதையோ பார்த்து, இவளுக்கு முன்னால் கணக்கை முடித்துவிடுகிற ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு மதியம் யாரும் இல்லாதபோது, ஏறிய புருவத்தை விரலால் கீழே அழுத்திப் பார்த்தாள். உள்ளிருந்து அது விரலை உதைத்தது. அவள் பிள்ளை பெற்றவள். உள்ளிருந்து வரும் உதை எப்படியிருக்கும் என்று தெரியும்.

"ஏங்க, இங்க தொட்டுப் பாருங்களேன்."

அவன் தொட்டான். வழக்கமாகத் துணியைத் தொடுவதைவிட மெதுவாக. முகத்தில் பயமில்லை, ஆச்சரியமும் இல்லை. ஏற்கெனவே தொட்டுப் பழகியவனின் விரல் அது.

"நரம்பு துடிக்குது" என்றான். "அப்படியே விடு. உன்னைவிட அது நல்லா பார்க்குது." சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் சிறிய அறையில் பழைய சோபா மெத்தையில் அவள் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஷட்டர் தகரத்தில் தூறல் தட்டுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டு விழித்தாள். கண்ணைத் திறக்கவில்லை. புருஷனின் குரல். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் இல்லை அது. கல்யாணமான புதிதில் அவளிடம் பேசிய குரல். வருடக்கணக்காக அவள் கேட்காத குரல்.

"ம்... ம்... சரி. அப்படியே பண்ணலாம். இல்ல இல்ல, அவளுக்குத் தெரியாது."

மூச்சு நெற்றியில் பட்டது. வெற்றிலை இல்லாத, புகை இல்லாத, வெறும் சூடான மூச்சு. மிகப் பக்கத்தில்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதற்குச் சற்று மேலே.

"யார்கிட்ட பேசறீங்க?"

அவன் பார்வை கீழே இறங்கி அவள் கண்ணுக்கு வந்தது. பேரம் படியப்போகும் நேரத்தில் நடுவே புகுந்து விலாசம் கேட்கிறவனைக் கடைக்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தான்.

"யார்கிட்டயும் இல்ல. தூங்கு."

மறுநாள் அவள் இரண்டு புருவங்களின்மேலும் பெரிய பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது கூத்து? பார்க்கிறவன் நான் அடிச்சேன்னு நினைப்பான். கழட்டு."

"அரிக்குது. மருந்து போட்டிருக்கேன்."

அன்று முழுக்க அவன் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறினான். அவள் தலையை ஆட்டினாள், விரலைக் காட்டினாள், உதட்டை அசைத்தாள். எதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சைகையை அவன் பார்க்கவில்லை என்பதில்லை. பார்த்தான். தெருவில் போகிற யாரோ சொல்கிற யோசனையைப் போலத் தள்ளிவிட்டான். பிளாஸ்திரிக்கு அடியில் தோல் இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது. பொறுமையாக. வந்தவர்களெல்லாம் வெறும் கையோடு போனார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே அவன் கடையைவிட்டு இறங்கிப் போனான். எங்கே என்று சொல்லவில்லை.

அவள் ஷட்டரை இழுத்துவிட்டு நேரே கிளினிக்குக்கு நடந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாத்தனாரை நேருக்கு நேர் பிடித்து, ஏற்றினவளே இறக்கு என்று கேட்டுவிடுவது என்பதுதான் திட்டம். மாடிப்படியில் அவள் செருப்பின் ஈரச் சத்தம் அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் ஆளில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. ரோஜா லோஷன், பினாயில்.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "படுங்க."

படுக்கையில் புதுக் காகிதம் விரித்திருந்தது. மெஷினில் விளக்கு எரிந்தது. வருவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இதை இறக்கணும்."

"பார்க்கலாம். முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம். வெறும் படம்தான் அண்ணி, சுடாது."

படம் மட்டும்தான் என்றதால் படுத்தாள். பிளாஸ்திரியை ஓரத்தில் தூக்கி, கீழே ஜெல். குளிர். கைப்பிடி புருவத்துக்குக் கீழே வந்து நின்றது. பக்கத்துத் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் தெரிந்தன, மடித்து அடுக்கிய துணி மாதிரி. "இது தோல்" என்றாள் நாத்தனார். "இது கொழுப்பு. இது தசை." கைப்பிடி இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்தது. கொசுறு வரிசை போட்ட இடம்.

நாத்தனார் கைப்பிடியை நிறுத்தினாள்.

திரையில் பட்டைகளுக்கு நடுவே ஒரு கருப்பு. உருண்டையாக. கைப்பிடி நின்ற பிறகும் அது நகர்ந்தது.

நாத்தனார் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"என்னது அது?"

"வளர்ந்திருக்கு" என்றாள் நாத்தனார். பயந்துபோய்ச் சொல்லவில்லை. பிரசவ அறையிலிருந்து எட்டிப்பார்த்துச் சொல்வதுபோல், கதவைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, வாங்க. நல்லா வளர்ந்திருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து புருஷன் வந்தான். சட்டை காய்ந்திருந்தது. மழைக்கு முன்பே வந்துவிட்டவன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

அவள் எழப் பார்த்தாள். அவன் கை தோளில் இருந்தது. அழுத்தவில்லை. இருந்தது. காகிதம் சரசரத்தது.

"ஏங்க, எனக்கு வேண்டாம். கடையும் வேண்டாம். நான் வீட்லயே இருக்கேன். தங்கச்சியே உட்காரட்டும்."

"இன்னும் ஒரே ஒரு வரிசை" என்றான்.

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"நீ இரு" என்றான், பரிவாகவே. "உன்கிட்ட கேக்கல."

நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைச் சுரண்டினான். உயர்ந்த பட்டிலிருந்து விலைச்சீட்டைக் கிழிப்பதுபோல், துணி வலிக்காமல். ஒன்று. பிறகு இன்னொன்று. குனிந்தான். மூச்சு நெற்றியில் பட்டது.

"சொல்லு" என்றான். அந்தக் குரலில். "என்ன பண்ணலாம்?"

அவள் வேண்டாம் என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். நாத்தனார் ஜெல்லைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பவில்லை.

முகத்தில் காற்றுப் பட்டது.

புருவம் ஏறிக்கொண்டிருந்தது. இதுவரை ஏறிய அளவைத் தாண்டி. மெதுவாக. தோல் இழுபட்டது. இன்னும் ஏறியது. வலிக்கவில்லை. புருவத்துக்கும் இமைக்கும் நடுவே ஏதோ பிரிந்தது. தையல் விட்டதுபோல், ஓர் ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை. அங்கே ஈரம். ஈரத்தில் காற்று.

அவன் மூக்குக்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சின்னதாக. தலைகீழாக இல்லை, நேராகவே. அவள் கண் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு பிளவு. பிளவின் விளிம்பில் மயிர், ஈரமாக ஒட்டிக்கொண்டு, அப்போதுதான் பிறந்ததுபோல.

அது திறந்தது.

முதலில் அவள் புருஷனைப் பார்த்தது. அவன் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

பிறகு அது மெல்லக் கீழே உருண்டு, தனக்கு அடியில் இருந்த அவளுடைய கண்ணைப் பார்த்தது.